8,500 கைகுலுக்கல்கள்: நியூயார்க் குப்பை லாரிக்குப் பின்னால் நடந்த கலை

1979 ஜூலை 24-ல் தொடங்கி 1980 ஜூன் 26 வரை, ஏறக்குறைய 11 மாதம், மியர்ல் லாடர்மன் யூகலீஸ் என்ற கலைஞர் நியூயார்க் மாநகரத்தின் குப்பை அள்ளும் தொழிலாளர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே தேடிப் போனார். மொத்தம் 8,500 பேர். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்து, கைகுலுக்கி, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "நியூயார்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி." 'டச் சானிட்டேஷன்' என்று அவர் பெயர் வைத்த படைப்பின் மையம் இதுதான். விலைக்குப் போக ஓவியம் கிடையாது, திறந்துவைக்கச் சிலை கிடையாது, ரிப்பன் வெட்ட ஓர் இடம்கூடக் கிடையாது.

பொது இடத்தில் கலை என்றதும் பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவது சுவர். மேம்பாலத் தூணிலும் ரயில் நிலையத்திலும் குடியிருப்பின் பக்கச் சுவரிலும் வண்ணம் தீட்டுகிறார்கள். விழா நடக்கும், படம் எடுப்பார்கள், இரண்டு மழைக்காலம் போனதும் சுவர் உரியும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவற்றில் பல நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்துக்கும் அதன் கீழே தினமும் நடக்கும் வேலைக்கும் பல நேரம் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. படம் வருவதற்கு முந்தைய நாள் தெரு எப்படி இயங்கியதோ அப்படியேதான் மறுநாளும் இயங்கும். யூகலீஸ் அந்த இயக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டார்: தெருவைக் கூட்டும் ஆட்கள், அவர்களின் ஷிப்ட் நேரம், அலுவலக நடைமுறை, வட்டார வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து. ஒரு தனி ஆளால் அது எப்படி முடிந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

வீட்டு வேலையிலிருந்து அலுவலகக் கட்டடம் வரை

யூகலீஸ் 1939-ல் டென்வர் நகரில் பிறந்தவர். 1968-ல் முதல் குழந்தை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் பொழுது எப்படிப் போகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை கலைஞர் என்று பேசியவர்களுக்கு இப்போது அவரிடம் கேட்க ஒன்றுமே இல்லாமல் போனது அவருக்குக் கோபத்தைத் தந்தது. 1969-ல் ஒரே மூச்சில் உட்கார்ந்து 'பராமரிப்புக் கலை'க்காக ஓர் அறிக்கை எழுதினார். வாதம் எளிது. உலகத்தில் வேலை இரண்டு வகை: புதிதாக ஒன்றை உண்டாக்குவது, இருப்பதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது. முதலாவதற்குப் பேரும் புகழும். இரண்டாவதற்கு அடிமட்டக் கூலி, வீட்டில் செய்தால் அதுவும் கிடையாது. புரட்சியெல்லாம் முடிந்த பிறகு திங்கட்கிழமை காலை குப்பையை யார் எடுப்பார்கள் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது.

அறிக்கையோடு ஒரு கண்காட்சித் திட்டத்தையும் இணைத்திருந்தார். அருங்காட்சியகத்துக்குள் கணவர், குழந்தையோடு குடியேறி அங்கேயே பெருக்கித் துடைத்துச் சமைப்பது அதன் ஒரு பகுதி. ஒரு குப்பை லாரி நிறையக் குப்பையையும், மாசுபட்ட காற்றையும், ஹட்சன் ஆற்றுத் தண்ணீரையும் உள்ளே கொண்டுவந்து சுத்திகரித்துக் காட்டுவது இன்னொரு பகுதி. அந்தக் கண்காட்சி அந்த வடிவில் நடக்கவே இல்லை. ஆனால் குப்பை லாரி 1969-லேயே அவர் தாளில் ஏறிவிட்டது. பின்னால் நடந்ததைத் தற்செயல் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது.

1973-ல் விமர்சகர் லூசி லிப்பார்ட், பெண் கலைஞர்களின் படைப்புகளை மட்டும் கொண்ட ஒரு கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அது ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது, யூகலீஸ் வாளியும் துணியுமாக வாசல் படிக்கட்டில் மண்டியிட்டார். நான்கு மணி நேரம் வெளியே கழுவினார், அப்புறம் நான்கு மணி நேரம் உள்ளே தரையைத் துடைத்தார். வருகிறவர்களின் காலடித் தடம் விழ விழ மறுபடியும் துடைத்தார். கலைஞர் துடைத்தால் நிகழ்த்துகலை, இரவில் ஆயா துடைத்தால் துடைப்பு. இந்த ஓட்டையைக் காட்டியதோடு அவர் நின்றிருந்தால், வருடத்துக்கொரு கருத்தரங்கில் குறிப்பிடப்படும் பெயராக முடிந்திருப்பார்.

1976-ல் அவர் ஒரு படி தாண்டினார். மன்ஹாட்டனின் தென்முனையில், வாட்டர் ஸ்ட்ரீட் 55-ஆம் எண் அலுவலகக் கட்டடத்தில் விட்னி அருங்காட்சியகத்தின் கிளை ஒன்று இருந்தது. அந்தப் பெரிய கட்டடத்தைப் பராமரிக்க 300 பேர்: துடைப்பவர்கள், காவலர்கள், லிஃப்ட் மெக்கானிக்குகள். தினமும் ஒரு மணி நேரம் உங்கள் வழக்கமான வேலையையே கலை என்று நினைத்துச் செய்து பாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டார். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் இரண்டிலும் அவர்களோடு சுற்றி, எடுத்த உடனே படம் கையில் வந்துவிடும் போலராய்டு கேமராவில் படம் எடுத்தார். படத்தை அந்த ஆளிடமே காட்டி, "இது வேலையா, கலையா?" என்று கேட்டார். அவர் எதைச் சொன்னாரோ அந்தச் சீட்டைப் படத்தின் மேல் ஒட்டினார். இப்படி 720 படங்கள் காட்சிச் சுவரில் ஏறின. தீர்ப்புச் சொல்லும் இடம் கலைஞரிடமிருந்து தொழிலாளியின் கைக்கு மாறியது இங்கேதான். கைகுலுக்கல் படைப்பைவிட இதுவே ஒருவகையில் துணிச்சலானது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு கிண்டலும் ஒரு கடிதமும்

அந்தக் காட்சிக்கு 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் டேவிட் போர்டன் மதிப்புரை எழுதினார். துப்புரவுத் துறையும் தன் வேலையை நிகழ்த்துகலை என்று அறிவித்துவிட்டால் மத்திய அரசின் கலை நிதியை வாங்கலாமே என்று அதில் போகிறபோக்கில் ஒரு கிண்டல். அப்போது நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலையில் இருந்தது. 1975-ல் துப்புரவுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். யூகலீஸ் அந்தப் பக்கத்தின் நகலை துப்புரவுத் துறை கமிஷனர் அந்தோணி வக்கரெல்லோவுக்குக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். அங்கிருந்து தொலைபேசி வந்தது: பத்தாயிரம் பேரோடு சேர்ந்து கலை செய்ய விருப்பமா? உடனே கிளம்பி வருகிறேன் என்றார்.

1977-ல் துறையின் கலைஞராக உள்ளே போனார். பதவி உண்டு, சம்பளம் கிடையாது. அப்புறம் நடந்ததுதான் பொது இடத்தில் கலை செய்கிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற பகுதி. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அவர் எதையும் 'செய்யவில்லை'. துறை எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். எந்த வட்டாரத்தில் எத்தனை பிரிவு, லாரி எங்கிருந்து புறப்பட்டு எங்கே கொட்டுகிறது, எந்தக் குப்பை எரிக்கும் ஆலைக்குப் போகிறது, எது ஆற்றங்கரைத் துறையில் தட்டைப்படகில் ஏறி ஸ்டாட்டன் தீவின் ஃப்ரெஷ் கில்ஸ் கிடங்கில் போய்ச் சேருகிறது என்று கற்றுக்கொண்டார். அந்தப் படிப்பு இல்லாமல் 8,500 பேரைச் சந்திக்கும் பயணத்தைத் திட்டமிட்டிருக்கவே முடியாது.

ஒரு நாள் எப்படி ஓடியது

நகரத்தில் 59 துப்புரவு வட்டாரங்கள். அவற்றை அவர் பத்துச் சுற்றுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றும் நகரத்தின் பல பகுதிகளைத் தொட்டுக்கொண்டு போகும். வசதியான வட்டாரங்களை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றைக் கடைசிக்குத் தள்ளும் வேலைக்கு இதில் இடமில்லை.

மூன்றாவது சுற்றில் ஸ்டாட்டன் தீவில் எடுத்த ஒரு படத்துக்குத் தலைப்பே 'காலை 6 மணி ரோல் கால்' என்றுதான். ஷிப்ட் தொடங்கும்போது பேர் கூப்பிட்டு ஆஜர் எடுப்பார்கள் அல்லவா, அந்த நேரம். அங்கே போய் நின்றால் ஆட்கள் மொத்தமாகக் கிடைப்பார்கள். தான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல முடியும். அப்புறம் லாரிகள் கிளம்பும், அவரும் கூடவே போவார். எட்டு மணி நேரம் முதல் பதினாறு மணி நேரம் வரை நீளும் நாட்கள். சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் சாப்பிடும் இடத்தில் உட்காருவார். கொட்டும் இடத்திலும் வண்டி பழுது பார்க்கும் பட்டறையிலும் கைகுலுக்குவார். இன்று எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்ற தகவல், தட்டச்சுச் செய்தியைக் கம்பி வழியே அனுப்பும் துறையின் டெலக்ஸ் கருவியில் எல்லா அலுவலகங்களுக்கும் போகும். ஓவியக்கூடம் அழைப்பிதழ் அச்சிடும். இவருக்கு அரசு அலுவலகத்தின் டெலக்ஸ் அந்த வேலையைச் செய்தது.

கைகுலுக்கலோடு இன்னொன்றும் நடந்தது. லாரிக்குப் பின்னால் போகும் தொழிலாளியின் அசைவுகளை அப்படியே அவரும் செய்து பார்த்தார். குனிவது, தொட்டியைப் பிடித்துத் திருப்புவது, தூக்கி எறிவது, அடுத்த வீட்டுக்கு நகர்வது. 'உங்கள் காலடியைப் பின்தொடர்ந்து' என்று அதற்குப் பெயர். தெருவில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரு வினோத நடனம். நாடக ஒத்திகையில் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்வதுபோல இருக்கும் இதில் ஒரு நுட்பம் உண்டு. கனமான தொட்டியை முதுகு பிடித்துக்கொள்ளாமல் தூக்க ஒரு முறை இருக்கிறது, அதை வருடக்கணக்கில் உடம்பு கற்றிருக்கிறது. குப்பைத் தொட்டியைத் தூக்குவது யாருக்கும் தெரிந்த வேலைதானே என்று நினைக்கிறவர் நான்கு தொட்டியைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அந்தக் காலத்தில் அந்த வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் 1986-ல்தான் சேர்ந்தார்கள். ஆண்கள் நிறைந்த ஷெட்டுக்குள் அதிகாலையில் ஒரு பெண் நுழைந்து, நான் கலைஞர், உங்களோடு கைகுலுக்க வந்திருக்கிறேன் என்கிறார். எங்களை ஏன் எல்லோரும் வெறுக்கிறார்கள் தெரியுமா, எங்களைத் தங்கள் அம்மா என்று நினைக்கிறார்கள், வேலைக்காரி என்று நினைக்கிறார்கள் என்று தொழிலாளி ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்காக எழுதிய அறிக்கையோடு வந்தவருக்கு, லாரி ஓட்டும் ஆண் வாயிலிருந்து அதே பேச்சு கிடைத்தது. அறிக்கையைவிட அந்த ஆள் கூர்மையாகச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

திண்ணையில் உட்கார்ந்தவர்கள்

இந்தப் பயணத்தில் அவர் கேட்ட கதைகளில் ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. புரூக்ளினில் ஒரு தொழிலாளி சொன்னது. கடும் வெயில் நாள். டன் கணக்கில் குப்பை ஏற்றிக் களைத்துப்போய், அவரும் கூட்டாளியும் ஒரு வீட்டு வாசல் திண்ணையில் சற்று உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, நாற்றம் பிடித்த குப்பைக்காரர்களே எழுந்து போங்கள், என் வாசலை நாறடிக்காதீர்கள் என்று விரட்டினார். அது 17 வருடமாகத் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது, இன்றைக்கு நீங்கள் அதைத் துடைத்துவிட்டீர்கள் என்றார் அந்த ஆள். இதை ஞாபகம் வைத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டார்.

அவர் ஞாபகம் வைத்திருந்தார். 1984-ல் மெர்சர் தெருவில் ரொனால்ட் ஃபெல்ட்மன் கேலரி முன்னால் அந்தத் திண்ணையைக் கட்டிவைத்தார். தொழிலாளர்களைத் திட்ட ஊரார் சொல்லும் வசைகளைக் கேலரியின் கண்ணாடி ஜன்னல்களில் பெரிதாக எழுதிவைத்தார். நகரத்தின் பல துறைகளைச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு, வாளியும் துணியும் கொடுத்து, அவர்கள் கையால் அவற்றைக் கழுவித் துடைக்கச் சொன்னார். உள்ளே இரண்டு ஓய்வறைகளை முழு அளவில் அமைத்திருந்தார். ஒன்று பழையது. அதில் இருந்த நாற்காலி, மேசை, சோபா எல்லாம் தொழிலாளர்கள் குப்பையிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை. நகராட்சி அவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலிகூட வாங்கித் தரவில்லை. பக்கத்தில் புதிதாகச் சீரமைத்த ஓய்வறை. இரண்டையும் பார்க்கிறவருக்கு விளக்கக் குறிப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

'டச் சானிட்டேஷன்' பற்றிப் பேசுகிறவர்கள் கைகுலுக்கலோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த நாற்காலிகள் முக்கியம். நன்றி சொல்வது இதமான விஷயம், எந்த நிர்வாகத்துக்கும் அதில் நஷ்டம் இல்லை. உடைந்த சோபாவைக் கொண்டுபோய் மன்ஹாட்டன் கேலரியில் வைப்பது அப்படிப்பட்டதல்ல, அதில் அதிகாரிகளுக்குச் சங்கடம் இருக்கிறது. 11 மாதம் ஒவ்வொரு ஷெட்டாகப் போய் உட்கார்ந்தவருக்குத்தான் அந்த சோபா கண்ணில் படும்.

நன்றி போதுமா?

இதற்கு எதிரான கேள்வியை நேராகவே கேட்டுவிடலாம். கைகுலுக்கியதால் யாருக்காவது கூலி ஏறியதா? வேலை போனவர்கள் திரும்பினார்களா? 1968 பிப்ரவரியில் இதே நியூயார்க் தொழிலாளர்கள் 9 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏறக்குறைய ஒரு லட்சம் டன் குப்பை தெருவில் குவிந்தது. நகரத்தை உயிரோடு வைத்திருப்பது யார் என்பது அந்த 9 நாளில் எல்லோருக்கும் புரிந்தது. சங்கம் செய்ய வேண்டியதைக் கலைஞர் செய்ய முடியாது, யூகலீஸும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் படைப்பு தோல்விதான்.

நம் ஊரிலிருந்து இதைப் படிக்கும்போது வேறு ஒரு நெருடலும் வரும். குப்பை அள்ளுகிறவரைத் தொடுவது இங்கே வெறும் மரியாதைக் குறிப்பாக நின்றுவிடாது. சாதி அந்த வேலையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத் தொடுதல் என்பதற்கு உள்ள எடை நியூயார்க்காரர்களுக்குத் தெரியாது. சடங்காகத் தொடுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் 5 தூய்மைப் பணியாளர்களின் கால்களைக் கழுவினார், தொலைக்காட்சிகள் எல்லாம் காட்டின. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நிகழ்ச்சிதானே என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே தொழிலாளர்கள் ஒரு மேடைக்கு அழைத்துவரப்பட்டார்கள். யூகலீஸ் காலை ஆறு மணிக்கு அவர்கள் ஷெட்டுக்குப் போனார், மறுநாளும் இன்னொரு ஷெட்டுக்குப் போனார். 5 பேரைத் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டியலில் இருந்த எல்லோரையும் குறிவைத்தார். நாலாயிரமாவது கையைக் குலுக்கும்போது கேமராவுக்கு அதில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

கிளம்பிப் போகாத கலைஞர்

திட்டம் முடிந்ததும் அவர் கிளம்பியிருந்தால் மேலே சொன்ன வாதம் பாதி பலம் இழந்திருக்கும். அவர் கிளம்பவில்லை. 1983-ல் ஒரு குப்பை லாரியின் பக்கங்களில் கண்ணாடி பதித்து 'சமூகக் கண்ணாடி' என்று ஊர்வலத்தில் விட்டார். வண்டி கடக்கும்போது நடைபாதையில் நிற்பவர் குப்பை லாரியில் தன் முகத்தைப் பார்ப்பார். அதே ஊர்வலத்தில் தெருக்கூட்டும் வண்டிகள் ஆறு, அவற்றின் ஓட்டுநர்களே வகுத்த அசைவுகளோடு பாலே ஆடின. பின்னாளில் ஜப்பானின் பனி விழும் எச்சிகோ-சுமாரி வட்டாரத்திலும் பனி அள்ளும் வண்டிகளைக் கொண்டு இப்படி ஒரு ஆட்டம் நடத்தினார். இவற்றில் கொண்டாட்டம் அதிகம், உறுத்தல் குறைவு. பார்க்க நன்றாக இருந்திருக்கும், நான் அவற்றுக்கு அதிக இடம் தர விரும்பவில்லை.

59-வது தெருவின் ஆற்றங்கரைத் துறையில் லாரிகள் படகில் கொட்டுவதைப் பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்க வழி அமைக்கும் 'ஃப்ளோ சிட்டி' திட்டம் பல ஆண்டு இழுத்து, முடியாமலே போனது. 1948-ல் திறந்து, உலகின் மிகப் பெரிய குப்பைக் கிடங்காக வளர்ந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்ட ஃப்ரெஷ் கில்ஸை இப்போது பூங்காவாக மாற்றி வருகிறார்கள். அங்கே ஒரு படைப்புக்காக யூகலீஸ் 1989-லேயே நியமிக்கப்பட்டார். அரசு வேலையின் வேகம் எப்படி என்று நமக்குத் தெரியாதா என்ன. 2016-ல் குயின்ஸ் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளை ஒன்றாகக் காட்சிக்கு வைத்தபோது அவர் துறையில் சேர்ந்து 39 ஆண்டு ஆகியிருந்தது.

2020-ல் கொரோனா நகரத்தை முடக்கியிருந்தபோது அதே நன்றி வாக்கியம் டைம்ஸ் சதுக்கத்துத் திரைகளிலும் சுரங்க ரயில் திரைகளிலும் குயின்ஸ் அருங்காட்சியகத்தின் முகப்பிலும் வந்தது. கையைத் தொடவே கூடாத காலம், வேறு வழியும் இல்லை. ஆனாலும் விளம்பரங்களுக்கு நடுவே ஒளிரும்போது அந்த வாக்கியம் மெலிந்துபோகிறது. 1979-ல் அதற்குப் பின்னால் நடந்து களைத்த ஒரு ஆள் இருந்தார்.

2015-ல் நியூயார்க் நகரக் கலாச்சாரத் துறை, யூகலீஸை முன்மாதிரியாக வைத்து, அரசு அலுவலகங்களுக்குள் கலைஞர்களை அமர்த்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குடியேறிகள் நலத்துக்கான அலுவலகத்துக்குப் போன தானியா புருகெரா முதலாமவர்களில் ஒருவர். இந்தக் கலைஞர்களுக்குப் பணம் உண்டு, இத்தனை மாதம் என்று கணக்கும் உண்டு. யூகலீஸுக்கு இரண்டும் இருக்கவில்லை. பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூலி இல்லை என்று எழுதித் தொடங்கிய ஒருவரையே அரசு அலுவலகம் ஒன்று பல பத்தாண்டு சம்பளமில்லாமல் வைத்திருந்தது என்பதை அவரைப் பாராட்டும் கட்டுரைகள் ஒரு பெருமைபோலச் சொல்லிப் போகின்றன. அவரை அப்படியே பின்பற்றுங்கள் என்று ஒரு இளம் கலைஞரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. கூலி வாங்கிக்கொண்டு ஓராண்டில் கிளம்புகிறவருக்கு எந்த ஷெட்டில் எந்த சோபா உடைந்திருக்கிறது என்று தெரியப் போவதும் இல்லை. அந்தத் திட்டத்தை இங்கே யாராவது கொண்டுவர நினைத்தால், கலைஞரின் கால அளவைப் பற்றி முதலில் பேரம் பேசட்டும், பெயர்ப்பலகையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.